மோர்மிளகாயும் மூன்று மணிச் சாப்பாடும்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 54 வயது. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. காலையில் கேழ்வரகுக் கூழ், இரவில் மூன்று சப்பாத்தி என்று மாறி இரண்டு வருடம் ஆகிறது. இனிப்பைத் தொடுவதில்லை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.1 தான். அப்படியிருந்தும் இந்த முறை பிரஷர் 150 என்றும் கெட்ட கொழுப்பு 142 என்றும் வந்திருக்கிறது. டாக்டர் இதயத்துக்காக ஒரு கொழுப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் இன்னும் போடவில்லை. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு நான் சாப்பிட உட்கார மூன்று மணி ஆகிவிடும். சில நாள் அதற்குள் கை நடுங்கி வியர்த்துவிடும். சர்க்கரை போட்டு ஒரு டீ குடித்தால் சரியாகிறது. இன்னும் நான் எதைத்தான் விடுவது? பொங்கலன்று ஒரு வாய் சர்க்கரைப் பொங்கல்கூடக் கூடாதா?

ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை முதலில் பயமுறுத்தியது பிரஷரோ கொழுப்போ இல்லை, அந்த மூன்று மணி நடுக்கம்தான். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். அடுத்த முறை நடுங்கும்போது வீட்டு மெஷினில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் அது தாழ்சர்க்கரை. அந்த நேரத்துக்கு இனிப்பு டீ சரிதான். ஆனால் அடிக்கடி இப்படித் தாழ்வது இதயத்துக்கு நல்லதல்ல. டாக்டரிடம் இதைச் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தைப் பார்த்தால் சொல்லவில்லை என்றே தோன்றுகிறது. சொல்லுங்கள், மாத்திரையின் அளவையே அவர் மாற்ற வேண்டியிருக்கலாம். நாளையிலிருந்து ஒரு மணிக்கு நீங்களும் உட்காருங்கள். சாதம் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும், போட்டுக்கொள்ளட்டும்.

அடுத்தது கூழும் சப்பாத்தியும். நான் டாக்டர் இல்லை. சர்க்கரை உள்ள அம்மாவுக்குப் பல வருடம் சமைத்தவள், நானும் அதே நோயோடு இருப்பவள். நானும் சப்பாத்திக்கு மாறி நிம்மதியாக இருந்தவள்தான். 100 கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து என்றால், கோதுமை மாவிலும் கேழ்வரகிலும் அது 65 கிராமை ஒட்டி இருக்கிறது. பெரிய வித்தியாசம் இல்லை. மூன்று சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் ஒரு கப் சோற்றைவிட அதிகமாகவே சர்க்கரையை ஏற்றும். கேழ்வரகில் நார்ச்சத்து உண்டு, சுண்ணாம்புச்சத்து உண்டு, நல்ல தானியம். ஆனால் நைசாக அரைத்துக் கரைத்து மடமடவென்று குடித்தால் அது வேகமாக ரத்தத்தில் சேர்ந்துவிடும்.

சரி, அந்தக் கூழுக்கு எதைத் தொட்டுக்கொள்கிறீர்கள்? நீங்கள் எழுதவில்லை. ஆனால் தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளை எனக்குத் தெரியும். உப்பில் ஊறிக் காய்ந்து எண்ணெயில் பொரிந்த மோர்மிளகாய், இல்லாவிட்டால் நார்த்தங்காய் ஊறுகாய். ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள், அதாவது தட்டையாக ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மோர்மிளகாய், அப்பளம், ஊறுகாய், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும். சர்க்கரைக்காகச் சோற்றை விட்டுவிட்டுப் பிரஷரை வாங்கிக்கொண்டோமோ என்று யோசித்துப் பாருங்கள். இதற்காகப் பொட்டாசியம் கலந்த உப்பை நீங்களாக வாங்கிவிடாதீர்கள். சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு அது ஆபத்து.

சர்க்கரை ஒன்றையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. டென்மார்க்கில் 160 சர்க்கரை நோயாளிகளை எட்டு வருடத்துக்கு நெருக்கமாகக் கவனித்தார்கள். ஸ்டெனோ-2 என்று அந்த ஆய்வுக்குப் பெயர், 2003-இல் முடிவு வந்தது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்குச் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, உணவு, உடற்பயிற்சி எல்லாவற்றையும் சேர்த்துத் தீவிரமாகக் கவனித்தார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குமேல் சர்க்கரை என்று 2023-இல் கணக்கு வந்தபோது எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது. அத்தனை பேரில் எத்தனை பேர் உப்பையும் எண்ணெயையும் பற்றிக் கவலைப்படுகிறார்கள்?

அதனால் டாக்டர் எழுதிய அந்தக் கொழுப்பு மாத்திரையைப் போடுங்கள், தங்கச்சி. கெட்ட கொழுப்பில் பெரும்பகுதி நம் கல்லீரலே செய்வது, சாப்பாட்டை மாற்றினால் ஓரளவுதான் இறங்கும். நாற்பது வயதைத் தாண்டிய சர்க்கரைக்காரர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது தேவை என்பதுதான் இன்றைய மருத்துவ நடைமுறை. ‘நிறுத்த முடியாது’ என்பது அடிமையாகிவிடுவோம் என்ற அர்த்தத்தில் இல்லை. நிறுத்தினால் கொழுப்பு மறுபடி ஏறும், அவ்வளவுதான். தசை வலி மாதிரி ஏதாவது வந்தால் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் அம்மா. ஒரு நாள் சாயங்காலம் வியர்த்தது, மூச்சு வாங்கியது, தாடை கனக்கிறது என்றாள். நெஞ்சு வலி துளியும் இல்லை. வாயு என்று நினைத்துப் பெருங்காயம் கரைத்த மோர் கொடுத்துப் படுக்க வைத்தோம். காலையில்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். பல வருடச் சர்க்கரையில் நரம்பு கெட்டுப்போனால் மாரடைப்பு வலியில்லாமலும் வரும் என்று அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது. அம்மா அதற்குப் பிறகு நான்கு மாதம்தான் இருந்தாள். உங்களுக்கு அப்படி வியர்த்து மூச்சு வாங்கினால், சர்க்கரை அளவு சரியாக இருந்தும் அது நிற்காவிட்டால், காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

எதை விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். சோற்றை விட வேண்டாம். தட்டில் இடத்தை மாற்றுங்கள். தட்டில் பாதி கீரை, அவரைக்காய்ப் பொரியல், புடலங்காய்க் கூட்டு. கால் பங்கு பருப்பு, முட்டை அல்லது மீன். மீதிக் கால் பங்கில் சோறு. முதலில் காயையும் பருப்பையும் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சர்க்கரை ஏறுவது மெதுவாகும். மீன் என்றால் மத்தியும் கானாங்கெளுத்தியும் விலையும் குறைவு, இதயத்துக்கும் நல்லது. வறுக்காமல் குழம்பாக வையுங்கள். சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் பச்சைப்பயறுச் சுண்டல். எண்ணெய் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு டீஸ்பூன், நான்கு பேர் வீட்டில் மாதம் இரண்டரை லிட்டருக்குள். நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ எதுவானாலும் அளவு இதுதான். இதை உங்களுக்கென்று தனியாகச் சமைக்காதீர்கள். வீட்டுக்கே இதுதான் சமையல். உங்கள் பிள்ளைகளுக்கும் இந்த நோய் வர வாய்ப்பு உண்டே. சாப்பிட்டதும் படுக்காமல் கால் மணி நேரம் வாசலில் நடங்கள்.

அப்புறம் அந்தச் சர்க்கரைப் பொங்கல். சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். சாம்பாரும் காயும் சாப்பிட்ட பிறகு, அன்றைய சோற்றுப் பங்கில் பாதியைக் குறைத்துக்கொண்டு, இரண்டு ஸ்பூன். முந்திரியை வேண்டுமானால் பொறுக்கிக்கொள்ளுங்கள், நெய்யை மேலே ஊற்ற வேண்டாம். எல்லாரோடும் சேர்ந்து, ஒரு மணிப் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

அன்புடன்,
அக்கா