கிரீம் ஊற்றினால் கார்பனாரா ஆகுமா?

கேள்வி: நாங்கள் சைவம். சென்ற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கார்பனாரா செய்தேன். முட்டை, இறைச்சி இல்லாமல், கிரீம், குடைமிளகாய், ஸ்வீட் கார்ன் போட்டு, மேலே பார்மேசான் சீஸ் தூவினேன். பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால், மிலானில் படிக்கும் என் அக்காள் மகன், "சித்தி, இதைக் கார்பனாரா என்று சொன்னால் இங்கே போலீஸைக் கூப்பிடுவார்கள்" என்று எழுதிவிட்டான். சாம்பாருக்கே வீட்டுக்கு வீடு பக்குவம் மாறுகிறது. இத்தாலிக்காரர்களுக்கு மட்டும் ஏன் இந்த ஜம்பம்?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பிள்ளைகள் தட்டை வழித்துவிட்டார்கள் அல்லவா? ருசி பற்றிய வழக்கு அங்கேயே முடிந்தது. தகராறு பெயரில்தான். அதில் உங்கள் அக்காள் மகன் சொல்வது சரி.

கார்பனாரா ரோம் நகரத்துப் பண்டம். பாஸ்தாவைத் தவிர அதில் நான்கே பொருள்: முட்டை, உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றிக் கன்னத்து இறைச்சியான குவான்சாலே, செம்மறியாட்டுப் பாலில் செய்த பெக்கோரினோ சீஸ், மிளகு. கிரீம் கிடையாது. கிரீம் செய்ய வேண்டிய வேலையை முட்டையே செய்துவிடுகிறது. அடுப்பை அணைத்த பிறகு, பாஸ்தாவின் சூட்டிலேயே முட்டையும் சீஸும் குழைந்து மேலே படிய வேண்டும். சூடு கொஞ்சம் ஏறினால் முட்டைப் பொரியல். குறைந்தால் பச்சை முட்டை. அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கைப்பக்குவத்துக்குத்தான் கார்பனாரா என்று பெயர். நீங்கள் நான்கில் மூன்றை எடுத்துவிட்டீர்கள். நான்காவதான மிளகைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

சாம்பாரை வேறு சாட்சிக்கு இழுத்திருக்கிறீர்கள். வீட்டுக்கு வீடு மாறும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பருப்பையும் புளியையும் எடுத்துவிட்டு, தேங்காய்ப்பாலில் அன்னாசிப்பழம் போட்டுக் கொதிக்கவைத்து ஒருவர் கிண்ணத்தை நீட்டினால் என்ன செய்வீர்கள்? சாப்பிடுவீர்கள். "நன்றாக இருக்கிறதே" என்றும் சொல்வீர்கள். சாம்பார் என்று மட்டும் சொல்ல மாட்டீர்கள்.

சரி, அந்தப் பையனுக்கும் ஒரு குட்டு வைத்துவிடுவோம். மிலானில் உட்கார்ந்துகொண்டு ரோமுக்கு வக்காலத்து வாங்குகிறான். மிலானின் சொந்தப் பண்டம் ரிசோட்டோ: வெண்ணெயும் குங்குமப்பூவும் மாட்டெலும்பு மஜ்ஜையும் சேர்த்துக் கிளறிய மஞ்சள் சோறு. அப்புறம், அவன் போலீஸைக் கூப்பிடுகிற அளவுக்குக் கார்பனாரா ஒன்றும் பாட்டன் பூட்டன் காலத்துச் சொத்து இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புகழ்பெற்ற பண்டம் அது. அச்சில் இதுவரை கிடைத்த முதல் செய்முறை 1952இல் வந்தது. எங்கே தெரியுமா? சிகாகோவில். இத்தாலியில் 1954இல் ஒரு சமையல் பத்திரிகை வெளியிட்ட செய்முறையில் பூண்டும் சுவிஸ் நாட்டு க்ருயேர் சீஸும் இருக்கின்றன. இன்றைக்கு அதையே ரோமில் பரிமாறினால் சித்திக்கு முன்னால் அந்தப் பத்திரிகைக்காரர்தான் உள்ளே போவார்.

ஜம்பம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. போலோன்யா நகரத்தில் தாலியாதெல்லே என்ற நாடாப் பாஸ்தா வெந்த பிறகு 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று 1972இல் வர்த்தக சபையில் பதிவு செய்து, தங்கத்திலேயே ஒரு நாடாவைச் செய்து பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அந்த அகலம் அவர்கள் ஊர்க் கோபுரத்தின் உயரத்தில் 12,270இல் ஒரு பங்காம். இதெல்லாம் கூத்து, எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் அதே சபையில் 1982இல் பதிவான இறைச்சிக் குழம்பு ராகூவின் செய்முறையைப் படித்தால் சிரிப்பு அடங்கிவிடும். வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் பொடியாக நறுக்கி மெல்லிய தீயில் வதக்கி, தக்காளியைக் கொஞ்சமாகவும் நேரத்தை மணிக்கணக்கிலும் சேர்க்கச் சொல்கிறது. பால்கூட உண்டு. பூண்டு கிடையாது. உலகமெங்கும் ஓட்டல்களில் 'போலோன்யீஸ்' என்று ஊற்றுகிற சிவப்புக் குழம்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஊர் பெயரை வைத்துக்கொண்டு ஊரான் செய்யும் அக்கிரமம் பொறுக்காமல்தான் பதிவு அலுவலகம் வரை போனார்கள்.

உண்மையில் 'இத்தாலியச் சாப்பாடு' என்று ஒன்று கிடையாது. நாடு ஒன்றானதே 1861இல்தான். அதுவரை தனித்தனி ராஜ்ஜியம், தனித்தனி அடுப்பு. வடக்கே போ ஆற்றுச் சமவெளியில் நெல்லும் வெண்ணெயும். அதற்குப் பக்கத்திலேயே பொலெண்டா என்கிற மக்காச்சோளக் களி. வேறு எதுவும் இல்லாமல் அந்தக் களியையே தின்று 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஏழைக் குடியானவர்கள் பெல்லாக்ரா என்ற சத்துக்குறைவு நோயில் விழுந்தார்கள். இன்று அதுவே ஓட்டலில் அழகாக வெட்டி அடுக்கி வரும் பண்டம். போலோன்யா பக்கம் மென்மையான கோதுமை மாவில் முட்டை ஊற்றிப் பிசைவார்கள். தெற்கே நேப்பிள்ஸ், பூலியா பக்கம் முட்டைக்கு வழி இல்லை. துரம் என்ற கடினக் கோதுமையின் ரவையும் தண்ணீரும்தான். வெண்ணெய்க்குப் பதில் ஆலிவ் எண்ணெய்.

இந்த அடுப்புகளை எல்லாம் ஒரு புத்தகத்துக்குள் கொண்டுவரப் பார்த்தவர் பெல்லெக்ரினோ ஆர்ட்டூசி. பதிப்பாளர் யாரும் சீந்தாததால் 1891இல் கைக்காசு போட்டு அச்சடித்தார். படித்துவிட்டுப் பெண்கள் தங்கள் வீட்டுச் செய்முறைகளைத் தபாலில் அனுப்ப, 1911இல் அவர் இறப்பதற்குள் புத்தகம் 790 செய்முறைகளாக வீங்கிவிட்டது. வாசகர் கடிதத்தால் பிழைத்த மனிதர். எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் உண்டு.

இப்போது உங்களுக்குக் கசப்பான விஷயம். சைவம் என்பதற்காகக் குவான்சாலேயையும் முட்டையையும் எடுத்துவிட்டு, மேலே பார்மேசான் தூவினீர்களே, அதன் மூலமான பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் பாலை உறையவைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட். பெக்கோரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் இரைப்பை. உங்கள் பாக்கெட்டில் நுண்ணுயிர் ரென்னட் என்று போட்டிருந்தால் தப்பித்தீர்கள். இல்லையென்றால் நான் சொன்னதாகப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம்.

கார்பனாராவைச் சைவமாக மாற்றுவதை நான் ஆதரிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். பிறவியிலேயே சைவமான பண்டங்கள் அந்த நாட்டில் நிறைய இருக்கும்போது இறைச்சிப் பண்டத்தை ஏன் அறுவை சிகிச்சை செய்கிறீர்கள்? இரண்டு சொல்கிறேன்.

முதலாவது, நேப்பிள்ஸ் பக்கத்து அல்யோ ஓல்யோ. பூண்டு, எண்ணெய் என்றுதான் பெயருக்கே பொருள். சீஸ் தேவையில்லை. இரண்டு பேருக்கு 200 கிராம் ஸ்பகெட்டி. பாக்கெட்டில் துரம் கோதுமை என்று இருக்கிறதா பாருங்கள். 2 லிட்டர் தண்ணீர் கொதித்ததும் உப்புப் போட்டு வேகவிடுங்கள். அதில் எண்ணெய் ஊற்ற வேண்டாம். இன்னொரு வாணலியில் நான்கு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், நான்கு பல் பூண்டை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, எண்ணெய் காயும் முன்பே போட்டுவிடுங்கள். இங்கேதான் நம் கை தவறும். கடுகு வெடிக்கும் அவசரத்தில் தாளித்துப் பழகிய கை நமக்கு. பூண்டு சிவந்தால் கசந்துவிடும். ஓரம் வெளிர் பொன்னிறமானாலே போதும். இரண்டு காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு அடுப்பைக் குறையுங்கள்.

பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே பாஸ்தாவை எடுத்து வாணலியில் போடுங்கள். வெந்த தண்ணீரைக் கீழே கொட்டாதீர்கள். அது தண்ணீர் இல்லை, கஞ்சி. ஒரு கரண்டிக் கஞ்சியை விட்டு, தீயைக் கூட்டி, வாணலியை உலுக்கிக்கொண்டே இருங்கள். முதலில் எண்ணெய் தனியே மிதந்து சலசலக்கும். அரை நிமிடத்தில் கஞ்சியும் எண்ணெயும் ஒன்றாகிப் பால்போல் கலங்கி, ஸ்பகெட்டியின் மேல் பளபளவென்று ஒட்டும். சத்தமும் மாறும். உங்களுக்குக் கிரீம் எதற்காக வேண்டியிருந்ததோ, அது இதுதான். பாஸ்தாவை வடிகட்டிக் குழாய்த் தண்ணீரில் அலசும் வழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். ஒட்ட வேண்டிய பசையைத்தான் கழுவி ஊற்றுகிறீர்கள்.

இரண்டாவது, டஸ்கனியின் பாப்பா அல் பொமொதோரோ. காய்ந்துபோன பிரெட்டைத் தக்காளியில் குழையவைக்கும் ஏழை வீட்டுக் கூழ். ஆலிவ் எண்ணெயில் பூண்டு, அதில் தோலுரித்த பழுத்த தக்காளி, உப்பு, கொஞ்சம் தண்ணீர். கொதித்ததும் பிரெட்டைப் பிய்த்துப் போட்டு, ஊறிக் குழையும் வரை கிளறி இறக்கி, மேலே பச்சையாக ஆலிவ் எண்ணெய் ஊற்ற வேண்டும். டஸ்கனி பிரெட்டில் உப்பே கிடையாது. சர்க்கரைக்கு அங்கே வேலையே இல்லை. இது தெரியாமல் நான் முதல் தடவை பால் பிரெட்டில் செய்தேன். தக்காளி அல்வா மாதிரி ஒன்று வந்தது. வீட்டில் யாரும் திட்டவில்லை. ஆனால் யாரும் இரண்டாவது கரண்டி கேட்கவும் இல்லை. இனிப்புச் சேர்க்காத, மேல்தோல் முறுகிய ரொட்டியாகத் தேடி வாங்கி, இரண்டு நாள் காயவிடுங்கள்.

கடைசியில் பேசில் இலை. அதற்காகச் சூப்பர் மார்க்கெட்டில் குட்டி டப்பாவைத் தேடி அலைய வேண்டாம். சப்ஜா விதை தரும் நம் திருநீற்றுப் பச்சிலை அதே இனம்தான், ரகம்தான் வேறு. மணம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அதனால் நான்கைந்து இலை போதும். பூஜைத் துளசியைப் போட்டுவிடாதீர்கள், அது கஷாயமாகிவிடும். மிச்சத்தை மறுநாள் சாப்பிட்டுப் பாருங்கள். சுண்டவைத்த பழங்குழம்பின் அருமை தெரிந்த உங்களுக்கு நான் அதைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டில் ஒன்றைச் செய்து, அதே குழுவில் படம் போடுங்கள், இந்தத் தடவை முழுப் பெயரோடு. அப்புறம் அந்தப் பையன் மிலானில் ராத்திரிக்கு என்ன சமைத்துச் சாப்பிடுகிறான் என்று கேட்டு, அதற்கும் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள்.