டிராகனா, துருப்பிடித்த தகரமா?

கேள்வி: பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, பொம்மனஹள்ளியில் வீடு. அண்ணன் புதுசு வாங்கியதால் அவருடைய பழைய கேமிங் லேப்டாப் எனக்கு வந்திருக்கிறது. 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ், டிஸ்க்கில் 70 ஜிபி காலி இடம். இதுவரை ஃபோனில் விளையாடியதோடு சரி. கதை பிடிக்கும், ஆட்களோடு பேசி முடிவெடுப்பது பிடிக்கும். சண்டை என்றால் விரல் வேகம் போதாது. இங்கிலீஷ் படிப்பேன், கொஞ்சம் மெதுவாக. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம் கிடைக்கும், நடுவில் ஆபீஸ் கால் வரலாம். ஃபேன்டசி ஆர்பிஜிதான் (மாயாஜால உலகில் ஒரு பாத்திரமாகவே மாறி விளையாடும் ஆட்டம்) ஆரம்பிக்க ஏற்றது என்கிறார் அண்ணன். அணுகுண்டு விழுந்து அழிந்த உலகத்துக் கதைகளை விளையாடச் சொல்கிறாள் டீமில் இருக்கும் தோழி. ஒன்றுதான் வாங்குவேன். எதை வாங்க?

பதில்: நான் உங்கள் தோழி பக்கம். 2010-ல் வந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ வாங்குங்கள். அண்ணன் சொல்வதிலும் நியாயம் உண்டு, வேறு பலருக்கு நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் பேசி முடிவெடுப்பது பிடிக்கும், விரல் வேகம் போதாது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் உங்களுக்கான பதில் வேறாகிறது.

முதலில் லேப்டாப்பை வைத்துக் கழிக்க வேண்டியதைக் கழித்துவிடுவோம். 2023-ல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ பேச்சுக்கும் முடிவுகளுக்கும் பேர்போனது. சண்டையும் ஆளுக்கொரு முறை என்று நிதானமாக நடக்கும். உங்களுக்கென்றே செய்தது மாதிரி இருக்கும், ஆனால் 150 ஜிபி இடம் கேட்கும். உங்களிடம் அதில் பாதிகூட இல்லை. ‘எல்டன் ரிங்’ குறைந்தது 12 ஜிபி ரேம் கேட்கிறது. நினைத்த இடத்தில் பாஸ் போட்டுவிட்டு ஃபோன் பேசவும் அதில் வழியில்லை. ‘ஃபால்அவுட் 76’ ஆன்லைன் ஆட்டம், அங்கேயும் உலகம் உங்களுக்காக நிற்காது. மிச்சம் இருப்பவை ஃபேன்டசியில் ‘ஸ்கைரிம்’, ‘தி விட்சர் 3’. இந்தப் பக்கம் ‘நியூ வேகஸ்’, ‘ஃபால்அவுட் 4’. நாலும் உங்கள் மெஷினில் ஓடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். காடும் கோட்டையும் பிடிக்குமா, பாலைவனமும் பாழடைந்த பெட்ரோல் பங்க்கும் பிடிக்குமா என்று கேட்டுத்தான் பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கிறார்கள். பின்னணி பத்து மணி நேரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். அதற்கப்புறமும் கூடவே வருவது, அந்த ஆட்டம் நிமிஷத்துக்கு நிமிஷம் உங்களை என்ன செய்யச் சொல்கிறது என்பதுதான். ஃபேன்டசி ஆட்டங்கள் பெரும்பாலும் உங்களை வளர்த்துக்கொண்டே போகும். அழிந்த உலகத்து ஆட்டங்கள், இருப்பதை வைத்து இன்றைக்கு ஒப்பேற்று என்று சொல்லும்.

ஸ்கைரிமை எடுத்துக்கொள்ளுங்கள். வாளை வீச வீச வாள்திறன் ஏறும், பூட்டை நோண்ட நோண்டப் பூட்டுத்திறன் ஏறும். மொத்தம் 18 திறன்கள், எல்லாமே இப்படிக் கைப்பழக்கத்தில் வளர்பவை. ஆரம்பத்தில் ஒரு மலைக்கல்லறைக்குள் போவீர்கள். வழியை மறித்து வட்டமான கற்கதவு, அதில் மூன்று வளையங்கள், ஒவ்வொன்றிலும் விலங்கு உருவங்கள். எந்த வரிசையில் திருப்புவது என்று எங்கேயும் எழுதியிருக்காது. கொஞ்சம் முன்னால் கிடைத்த தங்க நகம் ஒன்று பையில் இருக்கும். பையைத் திறந்து, நகத்தைப் பெரிதாக்கி, சுழற்றி உள்ளங்கைப் பக்கம் பார்த்தால் கரடி, விட்டில், ஆந்தை என்று செதுக்கி வைத்திருப்பார்கள். முதல் தடவை அதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அல்சூரில் வாடகை அறை, கீழே தெருவில் கடைசி இட்லி வண்டியும் போய்விட்ட நேரம். கதவு இறங்கியபோது என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். அந்த மாதிரி ஆச்சரியத்தைத் தருவதில் ஃபேன்டசியை மிஞ்ச ஆளில்லை.

உங்கள் கணக்கில் அதற்கு இரண்டு இடைஞ்சல். ஒன்று சண்டை. ஸ்கைரிமில் பேச்சுத்திறன் என்று ஒன்று இருந்தாலும், பேசித் தப்பிக்கும் இடங்கள் குறைவு. குகைக்குள் போனால் வெட்டித்தான் வெளியே வர வேண்டும். இன்னொன்று பெயர்கள். ஃபேன்டசியில் ஊர், இனம், கடவுள், மூலிகை, பழைய போர் என்று எல்லாமே புதுசாகப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை. மெதுவாகப் படிக்கிறவருக்கு, அதுவும் நாள் முழுக்க ஸ்க்ரீன் பார்த்த கண்ணுக்கு, இது சுமை. நாலு நாள் விட்டுவிட்டுத் திரும்பினால் யார் யாருக்குச் சண்டை என்பதே மறந்துபோயிருக்கும். அழிந்த உலகத்தில் கிடப்பதெல்லாம் நமக்குத் தெரிந்த சாமான்கள்: ஃப்ரிட்ஜ், சூட்கேஸ், தகரக் கொட்டகை, குளிர்பானப் பாட்டில். அந்தப் பாட்டிலின் மூடிதான் அங்கே காசு. ஒரு தடவை சொன்னால் போதும், மறக்காது. பேச்சும் பெரும்பாலும் சாதாரண அமெரிக்கப் பேச்சுதான், அகராதி தேட வேண்டியதில்லை.

விட்சர் 3 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அண்ணன் அனேகமாக அதைத்தான் மனசில் வைத்திருப்பார். கதை எழுத்தில் அதற்கு ஈடாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. முதல் கிராமத்தில் ஒரு கிழவி, தன் வாணலியைக் காணோம் என்று உங்களை நிறுத்திக் கேட்பாள். பேய் பிசாசு வேட்டையாடும் ஆளிடம் வாணலி! அதையும் மரியாதையோடு ஒரு சின்னக் கதையாக்கியிருக்கிறார்கள். ஆனால் அதில் நீங்கள் ஜெரால்ட் என்ற ஆள்தான். அவர் குணத்துக்குள் நின்றுதான் முடிவெடுக்க முடியும். சண்டையில் விலகி விலகி அடிக்கும் விரல்கணக்கும் வேண்டும், மிக எளிய நிலையில் வைத்தால் சமாளிக்கலாம். இரண்டாவதாக வாங்குங்கள்.

சரி, நியூ வேகஸ் ஏன்? தலையில் குண்டடி பட்டு, நெவாடா பாலைவனத்தில் குட்ஸ்பிரிங்ஸ் என்ற குட்டி ஊரில், ஒரு டாக்டர் வீட்டுக் கட்டிலில் கண் விழிக்கிறீர்கள். அந்த ஊரில் ரிங்கோ என்ற வியாபாரி ஒளிந்திருக்கிறான். அவனைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லி ஒரு கும்பல் மிரட்டுகிறது. ஊர்க்காரர்களைத் திரட்டி எதிர்த்து நிற்க வேண்டும் என்றால் அவர்களைப் பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டும். பார் நடத்தும் அம்மாவிடம் பேச உங்களுக்குப் பேச்சுத்திறன் 25 இருந்தால் அவர் ஊரைக் கூட்டுவார். கடைக்காரரிடம் பேரம் 25 இருந்தால் அவர் சரக்கைத் திறந்துவிடுவார். கிழவர் ஒருவரிடம் டைனமைட் இருக்கிறது, வெடிமருந்து விஷயத்தில் உங்களுக்கு 25 இருந்தால்தான் நம்பித் தருவார். டாக்டரிடம் மருத்துவம் 25. எல்லாம் ஒரே சண்டைக்கான தயாரிப்புதான். நீங்கள் யார் என்பதைப் பொறுத்து அது வேறு வேறு சண்டையாகிவிடும். கும்பலின் பக்கம் சேர்ந்து ஊரையே பிடித்துக் கொடுக்கவும் ஆட்டம் விடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன வேலைப்பாடு. திறன் போதாவிட்டாலும் அந்த வரியைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் திரையில் வரும் வரியே மாறியிருக்கும். மருத்துவம் தெரிந்தவர் டாக்டரிடம் பேசுவது ஒரு மாதிரி, தெரியாதவர் தெரிந்ததுபோல் பேசுவது இன்னொரு மாதிரி. அதைப் படிக்கும்போதே இது எடுபடாது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். பேச்சை இவ்வளவு அக்கறையோடு எழுதிய ஆட்டத்தை, பேசப் பிடிக்கும் என்று சொல்கிறவருக்குக் காட்டாமல் எப்படி இருப்பது?

சண்டைக்கும் வழி இருக்கிறது. வாட்ஸ் என்ற பொத்தானை அழுத்தினால் நேரம் அப்படியே நின்றுவிடும். எதிரியின் தலை, கை, கால் ஒவ்வொன்றின் மேலும் குறி தப்பாமல் படும் வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று தெரியும். நிதானமாகத் தேர்ந்தெடுத்தால் போதும். விரல் வேகம் இல்லாதவர்களும் துப்பாக்கி உள்ள கதைக்குள் வந்து போக முடிவது இதனால்தான். ஃபால்அவுட் 4-லும் இது உண்டு, ஆனால் அங்கே நேரம் நிற்பதில்லை, மெதுவாக ஓடும். தவிர ஃபால்அவுட் 4 பேச்சை நாலு சுருக்கமான பதில்களுக்குள் அடக்கிவிட்டது. வீடு கட்டுவதும் ஊர் அமைப்பதும் பிடிக்கும் என்றால் அது நல்ல ஆட்டம். நீங்கள் கேட்டது அது இல்லையே.

உங்கள் ஒரு மணி நேரத்துக்கு இது பொருந்தும். பேச்சின் நடுவே தவிர அனேகமாக எங்கே வேண்டுமானாலும் சேவ் செய்யலாம், கால் வந்தால் மெனுவைத் திறந்தால் உலகம் நின்றுவிடும். ஊர்கள் சின்னவை, வேலைகள் அளவானவை. ஒரு ராத்திரிக்கு ஒரு ஆள் கதை என்று முடித்துக்கொண்டு தூங்கப் போகலாம்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 மார்ச்சில் இந்த ஊரில் போர்வெல் வற்றி டேங்கருக்குக் காத்திருந்தோமே, அப்போது பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கக்கூசுக்கு எடுத்து வைத்த கை இன்னும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. குட்ஸ்பிரிங்ஸ் ஊருக்கு மேலே ஒரு ஊற்று இருக்கிறது, கதிர்வீச்சு கலக்காத நல்ல தண்ணீர். அந்த ஊர் அங்கே இருப்பதற்கே காரணம் அதுதான். ஆட்டம் இதை உரக்கச் சொல்லாது, பெங்களூரில் குடம் எண்ணியவருக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. பசி, தாகம், தூக்கம் எல்லாவற்றையும் கணக்கு வைக்கும் ஹார்ட்கோர் முறை வேண்டுமா என்று ஆரம்பத்திலேயே கேட்பார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டாவது முறை விளையாடும்போது போட்டுப் பாருங்கள், அதே ஊற்று வேறு அர்த்தத்தில் தெரியும்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. பழைய ஆட்டம், முகங்கள் மரக்கட்டை மாதிரி இருக்கும், நிறமெல்லாம் பழுப்பும் சாம்பலும். ஆபீஸில் மனசு கனத்துப் போன நாளில் அந்த வெறுமை இன்னும் கனக்கும். அப்படிப்பட்ட ராத்திரிகள் உங்களுக்கு அதிகம் என்றால் நான் சொன்னதை மாற்றிக்கொண்டு ஸ்கைரிம் வாங்குங்கள், அந்தப் பனிமலையில் சும்மா நடந்தாலே ஆறுதல். ரத்தமும் அதிகம். ஐரோப்பிய வயதுத் தரத்தில் நியூ வேகஸ், ஸ்கைரிம், விட்சர் மூன்றுமே 18-க்கு மேல்தான், வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஹெட்ஃபோனும் மூடிய கதவும் வேண்டும்.

புது விண்டோஸில் நியூ வேகஸ் சில சமயம் தானாக மூடிக்கொள்ளும். அது 2 ஜிபி நினைவகத்தை மட்டும் பயன்படுத்தும்படி வந்தது. 4 ஜிபி வரை பயன்படுத்த விடும் சிறிய பேட்ச் ஒன்றை ரசிகர்களே செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். முதல் நாளே அண்ணனைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஆட்டம் தானாகப் போடும் சேவ்களை மட்டும் நம்பாமல், நாலைந்து சேவ் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தலை சுற்றினால் பார்வையை ஆளுக்குப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம்.

வாங்குவதாக இருந்தால் கூடுதல் கதைகள் நாலும் சேர்ந்த அல்டிமேட் பதிப்பாக வாங்குங்கள். கோடை, டிசம்பர் தள்ளுபடிகளில் விலை நன்றாக இறங்கும். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஓடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஆட்டத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் அந்த நேரம் கணக்கில் ஏறும், கவனம். குட்ஸ்பிரிங்ஸ் சண்டையை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். அதுவரை போய்ப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்கைரிம் எடுங்கள். ரேமை 16 ஜிபி ஆக்குவது எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் ஒரு சனிக்கிழமை வேலை. ஆனால் இந்த இரண்டுக்கும் அது தேவையில்லை, செலவு செய்ய வேண்டாம்.

ஆளை உருவாக்கும்போது புத்திக்கூர்மைக்கு 7 கொடுங்கள், ஒவ்வொரு லெவலிலும் திறன்புள்ளி கூடுதலாகக் கிடைக்கும். சிறப்புத் திறன் மூன்று தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள்: பேச்சு, துப்பாக்கி, மருத்துவம். ஆரம்பித்த உடனே கூடுதல் கதைகளின் ரேடியோ அழைப்புகள் வரிசையாக வந்து விழும், இப்போதைக்கு விட்டுவிடுங்கள். குட்ஸ்பிரிங்ஸை விட்டுக் கிளம்பும்போது வேகஸ் நகரின் விளக்குகள் வடக்கே தெரியும், குறுக்கே போய்விடலாம் என்று தோன்றும். போகாதீர்கள். அந்தப் பக்கம் விஷக்குளவிகளும் டெத்கிளா என்ற ராட்சத விலங்குகளும் இருக்கின்றன, முதல் லெவலில் ஒரே அடிதான். தெற்கே போகும் தார்ரோட்டைப் பிடித்து நடங்கள், பிரிம் என்ற ஊர் வரும். ஊருக்குள் நுழையும் முன்னால் ஒரு சேவ் போட்டுக்கொள்ளுங்கள்.