பிளகின் வாங்கும் முன், ‘அப்டேட் ஆல்’ தட்டும் முன்: கேள்வி-பதில்

வீட்டுக் கணினியில் பாட்டு செய்கிறவர்களின் கேள்விகள் இந்த முறை. எல்லாமே பிளகின் பற்றியவை, அதாவது பாட்டு செய்யும் மென்பொருளுக்குள் எஃபெக்டுக்கோ வாத்தியத்துக்கோ சேர்த்துக்கொள்ளும் சின்ன மென்பொருள்கள். முதல் கேள்விக்கான பதில் நீளம், ஏனென்றால் மற்றவற்றுக்கும் அதுதான் அடிப்படை.

கேள்வி: தள்ளுபடி வரும்போதெல்லாம் பிளகின் வாங்கிச் சேர்த்துவிட்டேன். இப்போது நேட்டிவ் ஆக்சஸ், வேவ்ஸ் சென்ட்ரல், ஆர்டூரியா சாஃப்ட்வேர் சென்டர், ஐலாக் லைசன்ஸ் மேனேஜர் என்று கம்பெனிக்கு ஒரு ஆப். எதைத் திறந்தாலும் அப்டேட் கேட்கிறது. ஒரு பக்திப் பாடல் ஆல்பம் பாதி மிக்ஸில் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் அப்டேட் செய்துவிடலாமா? பாட்டு செய்ய விண்டோஸில் கியூபேஸ் வைத்திருக்கிறேன்.

வேண்டாம். அந்த ஆல்பத்தை முடித்து, கொடுத்து, பணமும் வாங்கும் வரை எதையும் தொடாதீர்கள்.

காரணம் இதுதான். நீங்கள் சேமிக்கும் புராஜெக்ட் ஃபைலுக்குள் பிளகின் கிடையாது. எந்த பிளகின், அதில் எந்தத் திருகு எவ்வளவு திருப்பியிருக்கிறது என்ற விவரம் மட்டும்தான் இருக்கிறது. பாட்டைத் திறக்கும்போது கியூபேஸ் உங்கள் கணினியில் அன்று இருக்கும் பிளகினைத் தேடிப்பிடித்து அந்த விவரத்தை அதனிடம் கொடுக்கிறது. புது வெர்ஷனில் கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது) வேலை செய்யும் விதத்தை மாற்றியிருந்தால் உங்கள் மிக்ஸ் மாறும். நல்ல கம்பெனிகள் பழைய பாட்டுக்குப் பழைய விதத்தையே தனியாக வைத்திருப்பார்கள், ஆனால் எல்லோரும் அப்படி இல்லை. பல சமயம் ஒன்றுமே ஆகாது, அது உண்மை. ஆகும் நாளில் மட்டும் குரலில் போட்ட ரிவெர்ப் (அரங்கில் பாடுவது போன்ற முழக்கம்) வேறு மாதிரி கேட்கும், எது மாறியது என்று கண்டுபிடிக்கவே ஒரு ராத்திரி போய்விடும்.

பிரவுசரையும் விண்டோஸையும் உடனுக்குடன் அப்டேட் செய்யச் சொல்வது பாதுகாப்புக்காக. பிளகினில் அந்த அவசரம் பெரும்பாலும் இல்லை. உங்களைத் தொல்லை செய்யும் ஒரு குறையைச் சரிசெய்திருக்கிறார்கள், புது கியூபேஸில் பழையது ஓடவில்லை, உங்களுக்கு வேண்டிய ஒரு வசதி வந்திருக்கிறது, இந்த மூன்றில் ஒன்று இருந்தால் அப்டேட் செய்யுங்கள். ஒன்றும் இல்லையென்றால் ஆப் எத்தனை முறை கேட்டாலும் விட்டுவிடலாம். ஆப்பில் தானாக அப்டேட் ஆகும் வசதி இருந்தால் அதை முதலில் அணைத்துவிடுங்கள்.

சரி, ஆல்பம் முடிந்தது, கையில் வேலை இல்லை, இப்போது செய்யலாம். அதற்கு முன் இரண்டு வேலை. முதலாவது, இப்போது நன்றாக ஓடும் வெர்ஷனின் இன்ஸ்டாலரை ஒரு வெளி டிரைவில் எடுத்து வையுங்கள். கம்பெனி ஆப்கள் பெரும்பாலும் கடைசி வெர்ஷனை மட்டும்தான் தரும், பழையது வேண்டுமென்றால் அவர்களுடைய தளத்தில் தேட வேண்டும், சில கம்பெனிகளில் தேடியும் கிடைக்காது. இரண்டாவது, முடித்த ஒவ்வொரு பாட்டையும் டிராக் டிராக்காக ஆடியோ ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள், எல்லா டிராக்கும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்கும்படி. எஃபெக்ட் போட்டது ஒரு செட், எஃபெக்ட் இல்லாமல் ஒரு செட், கூடவே மிடி (எந்த ஸ்வரம் எப்போது என்ற குறிப்பு). இடம் பிடிக்கும்தான். ஆனால் பத்து வருடம் கழித்து அந்தப் பாடகர் வந்து ‘கரோக்கி டிராக் வேண்டும்’ என்று கேட்டால் அந்த ஆடியோ ஃபைல் எந்தக் கணினியிலும் திறக்கும், அன்று போட்ட பிளகின் திறக்குமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.

அப்புறம் ஒரு நேரத்தில் ஒரு கம்பெனி. அப்டேட் செய்து, பழைய பாட்டு ஒன்றைத் திறந்து, முன்பு எக்ஸ்போர்ட் செய்து வைத்ததோடு ஒப்பிட்டுக் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகத் தட்டினால் கெட்டது எது என்று தெரியாது.

கியூபேஸ் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். விஎஸ்டி என்ற பிளகின் வடிவத்தை 1996-ல் கொண்டுவந்ததே கியூபேஸின் ஸ்டெயின்பெர்க்தான். விஎஸ்டி3 வந்தது 2008-ல். விஎஸ்டி2 பிளகின் செய்வதற்கான டெவலப்பர் தொகுப்பை அவர்கள் கொடுப்பது 2018-லேயே நின்றுவிட்டது, 2022 ஜனவரியில் தங்கள் சொந்த மென்பொருள்களிலும் விஎஸ்டி2 ஆதரவைப் படிப்படியாக விலக்குவதாக அறிவித்தார்கள். பழைய பாட்டில் விஎஸ்டி2 பிளகின் இருந்தால், சில பிளகின்களின் விஎஸ்டி3 அந்த இடத்தில் தானாக வந்து உட்காரும், சிலவற்றில் கையால் மாற்றி ப்ரீசெட்டை (சேமித்து வைத்த அமைப்பை) மறுபடி ஏற்ற வேண்டும். ஆகவே விஎஸ்டி3 போட்டவுடன் விஎஸ்டி2-ஐ நீக்கிவிடாதீர்கள். பழைய பாட்டுகளைத் திறந்து பார்த்து, மாற்றி, சேமித்த பிறகு நீக்குங்கள்.

நீக்குவது என்றால் ஃபைலை டெலீட் செய்வது இல்லை, விண்டோஸின் ஆப்ஸ் பட்டியலிலிருந்து முறையாக அன்இன்ஸ்டால். விஎஸ்டி3 எல்லாமே சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ், அதற்குள் காமன் ஃபைல்ஸ், அதற்குள் விஎஸ்டி3 என்ற ஒரே ஃபோல்டரில் இருக்கும். விஎஸ்டி2-க்கு அப்படி ஒரு கட்டுப்பாடு இருந்ததில்லை, கம்பெனிக்கு ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தார்கள், ஒரே பிளகின் இரண்டு மூன்று முறை லிஸ்டில் தெரிவது பெரும்பாலும் அதனால்தான். இன்னொன்று, புரோ டூல்ஸ் என்ற மென்பொருள் உங்களிடம் இல்லையென்றால் இன்ஸ்டால் செய்யும்போது அதற்கான வடிவமான ஏஏஎக்ஸ் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள், அது உங்களுக்கு எதற்கும் உதவாது. பிளகின் ஃபோல்டரை அங்கேயே விட்டுவிட்டு, சாம்பிள் லைப்ரரிகளை (பதிவு செய்த வாத்திய ஒலிகளின் தொகுப்புகளை) மட்டும் ஒரு வெளி எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள், சி டிரைவை நிரப்புவது அவைதான். காண்டாக்ட் என்ற சாம்பிள் பிளகினின் லைப்ரரிகளை வேறு டிரைவுக்கு நகர்த்தினால் நேட்டிவ் ஆக்சஸில் புது இடத்தைக் காட்டிக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் காணோம் என்று சொல்லும்.

கேள்வி: பிளகின் வாங்கிவிட்டேன், பிறகு வருடா வருடம் ‘அப்டேட் பிளான்’ கட்டச் சொல்கிறார்கள். கட்டாவிட்டால் வேலை செய்யாதா? வாங்கும்போதே இதை எப்படித் தெரிந்துகொள்வது?

வேலை செய்யும். வேவ்ஸ் விஷயத்தில் நிரந்தர லைசன்ஸ் வாங்கினால் முதல் ஒரு வருட அப்டேட் சேர்ந்தே வருகிறது. அதன் பிறகு கட்டாவிட்டால் கையில் இருக்கும் வெர்ஷன் உங்களுடையதுதான், ஓடிக்கொண்டே இருக்கும். சிக்கல் வருவது நீங்கள் புதுக் கணினியோ புது ஓஎஸ்ஸோ போடும்போது. பழைய வெர்ஷன் அதில் ஓடவில்லையென்றால் அப்போது கட்ட வேண்டும். அதனால் பயந்துகொண்டு வருடா வருடம் கட்டாதீர்கள், தேவை வரும் அன்று கட்டுங்கள். 2023 மார்ச்சில் இதே கம்பெனி நிரந்தர லைசன்ஸை நிறுத்தி இனி சந்தா மட்டும்தான் என்று அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்ததும் சில நாட்களிலேயே நிரந்தர லைசன்ஸைத் திரும்பக் கொண்டுவந்தது. வாடிக்கையாளர் கோபத்துக்கு இந்தத் துறையில் மதிப்பு இருக்கிறது, அதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

எல்லா கம்பெனியும் அப்படிக் கேட்பதில்லை. வல்ஹல்லாவின் ரிவெர்ப் ஒவ்வொன்றும் 50 டாலர், தள்ளுபடி போடுவது அவர்கள் வழக்கமில்லை, அப்டேட்டுக்குத் தனிக் காசும் கிடையாது. எஃப்எல் ஸ்டுடியோ என்ற பாட்டு செய்யும் மென்பொருளை வாங்கினால் வாழ்நாள் முழுக்க இலவச அப்டேட். சீரம் 2 என்ற சிந்தசைசர் 2025-ல் வந்தபோது முதல் சீரம் வைத்திருந்தவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள், பழையதன் மேல் எழுதாமல் தனி பிளகினாக இன்ஸ்டால் ஆனது, அதனால் பழைய பாட்டு எதுவும் கெடவில்லை. வாங்கும் முன் விலையை மட்டும் பார்க்காமல் அப்டேட், எத்தனை கணினியில் போடலாம், பழைய வெர்ஷன் கிடைக்குமா, விற்க விடுவார்களா என்று நான்கையும் அவர்கள் தளத்தில் படியுங்கள். 299 டாலர் பிளகின் 29 டாலருக்கு வருகிறதென்றால் அதன் நிஜ விலை 29 தான், வருடத்தில் பல முறை அந்த விலைக்கு வரும், இன்றே வாங்கியாக வேண்டும் என்று எதுவும் இல்லை.

இந்தியாவிலிருந்து வாங்குகிறவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டியது, 18% ஜிஎஸ்டி. சில தளங்களில் இது கடைசிப் பக்கத்தில்தான் தெரியும். அதற்கு மேல் கார்டு கம்பெனி வெளிநாட்டுப் பணத்துக்கென்று எடுக்கும் தொகை, பல கார்டுகளில் 2 முதல் 3.5% வரை, அந்தத் தொகைக்கும் ஜிஎஸ்டி உண்டு. 3.5% எடுக்கும் கார்டில் இரண்டும் விழுந்தால் 50 டாலர் என்று பார்த்தது 61 டாலருக்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கும்.

சந்தா எப்போது சரி என்றால், ஒரே ஒரு படத்துக்கோ ஆல்பத்துக்கோ இரண்டு மாதம் மட்டும் ஒரு பெரிய தொகுப்பு தேவைப்படும்போது. நிறுத்தியதும் அந்தப் பாட்டுகளில் அந்த பிளகின் திறக்காது, எனவே நிறுத்துவதற்கு முன் எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். மாதத் தவணையில் கட்டி முடித்து சொந்தமாக்கிக்கொள்ளும் முறையும் இருக்கிறது, ஸ்பிளைஸ் என்ற தளத்தில் பார்க்கலாம். ஒரேயடியாகப் பணம் போட முடியாதவர்களுக்கு சந்தாவைவிட அது மேல்.

கேள்வி: லைசன்ஸை வைத்திருக்கும் ஐலாக் யுஎஸ்பி குச்சியை, அதாவது டாங்கிளை, வாங்க வேண்டுமா? கணினியிலேயே லைசன்ஸ் போடலாம் என்கிறார்களே.

வீட்டில் ஒரே கணினி என்றால் பெரும்பாலான பிளகின்களுக்கு வேண்டாம், கணினியிலேயே போட்டுக்கொள்ளலாம், பிளகின் அதை அனுமதிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஐலாக் கிளவுட் என்ற வழிக்கு இன்டர்நெட் அறாமல் இருக்க வேண்டும், கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் அதை நம்பி ரெக்கார்டிங் வைக்காதீர்கள். வீட்டுக்கும் ஸ்டுடியோவுக்கும் அலைகிறவர்களுக்கு டாங்கிள் நல்லது, தொலைந்தால்தான் பாடு. மிக முக்கியமானது: கணினியை ஃபார்மட் செய்வதற்கு முன், விற்பதற்கு முன், லைசன்ஸை அதிலிருந்து டீஆக்டிவேட் செய்துவிடுங்கள். மறந்தால் சப்போர்ட்டுக்கு எழுதிக் கெஞ்ச வேண்டியிருக்கும்.

கேள்வி: பழைய இன்டெல் மேக்கிலிருந்து ஆப்பிளின் சொந்த எம் சிப் மேக்குக்கு மாறப் போகிறேன். பாட்டு செய்வது லாஜிக்கில்தான். பழைய பிளகின்கள் என்ன ஆகும்?

32 பிட் பிளகின் ஏதாவது இன்னும் இருந்தால் அதை மறந்துவிடுங்கள், 2019-ல் வந்த கேட்டலினாவோடு அந்தக் கதை முடிந்தது. இன்டெல்லுக்காக மட்டும் எழுதிய 64 பிட் பிளகின்கள், இன்டெல் மென்பொருளைப் புது சிப்பில் ஓட்டும் ஆப்பிளின் ரொசெட்டா வழியாக ஓடும். லாஜிக்கில் ஒரு வசதி, லாஜிக் புது சிப்புக்கு உரிய விதத்தில் ஓடிக்கொண்டே பழைய ஆடியோ யூனிட்டை (லாஜிக் ஏற்கும் பிளகின் வடிவம்) மட்டும் ரொசெட்டாவில் ஓட்டும். ஏபிள்டன் லைவ் போன்றவற்றில் மொத்த மென்பொருளையும் ரொசெட்டாவில் திறந்தால்தான் பழைய பிளகின் தெரியும். ஆனால் இதற்கு ஆயுள் குறைவு. மேக்ஓஎஸ் 27 வரைதான் ரொசெட்டா முழுமையாக இருக்கும் என்று ஆப்பிள் 2025-ல் சொல்லிவிட்டது. ஆகவே எம் சிப்புக்கான அப்டேட் வராத பிளகின் எவை என்று இப்போதே பட்டியல் எடுத்து, அவை இருக்கும் பாட்டுகளை முதலில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பழைய மேக்கை உடனே எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள், அதற்குக் கிடைக்கும் பணத்தைவிட உங்கள் பழைய பாட்டுகள் திறப்பது பெரிது.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். காசு இல்லை. நண்பர்கள் எல்லோரும் கிராக் பிளகின்தான் போடுகிறார்கள். தவறு என்று தெரியும், வேறு வழி?

வழி இருக்கிறது, அதனால்தான் கிராக் வேண்டாம் என்கிறேன். 2019-ல் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் லவுட்மைனர் என்ற ஒன்றைக் கண்டுபிடித்தது. கிராக் செய்த இசை மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு வந்து, கணினிக்குள் ரகசியமாகக் கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருந்தது. இசை செய்கிறவர்களின் கணினி வேகமானது, சிபியு மீட்டர் ஏறி நின்றாலும் பிளகினால் என்று நினைத்துக்கொள்வார்கள், யாருக்கும் சந்தேகம் வராது. அதே கணினியில்தான் உங்கள் ஜிபேயோடு சேர்ந்த மெயிலும் இருக்கிறது.

ரீப்பர் என்ற பாட்டு செய்யும் மென்பொருளை 60 நாள் முழுமையாக ஓட்டிப் பார்க்கலாம், பிறகு தனிநபருக்கு 60 டாலர், அந்த ஒரு லைசன்ஸ் இரண்டு பெரிய வெர்ஷன்களுக்குச் செல்லும். சிந்தசைசருக்கு சர்ஜ் எக்ஸ்டியும் வைட்டலின் இலவசப் பதிப்பும், ஈக்யூவுக்கு (ஒலியின் கனத்தையும் கூர்மையையும் சரிசெய்வது) டிடிஆர் நோவா, பெரிய ரிவெர்புக்கும் டிலேவுக்கும் (எதிரொலி) வல்ஹல்லா சூப்பர்மாசிவ், எல்லாமே காசில்லாதவை, எல்லாமே முதல் தரம். இவற்றோடு ரீப்பரிலேயே வரும் ஈக்யூவும் கம்ப்ரஸரும் போதும், ஒரு முழு ஆல்பம் செய்யலாம். மாணவர் விலை பல கம்பெனிகளில் உண்டு, கல்லூரி மெயில் முகவரி இருக்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் லைசன்ஸ் வாங்கலாமா?

கம்பெனி அனுமதித்தால் தாராளமாக. சில கம்பெனிகள் பெயர் மாற்றக் கட்டணம் கேட்கும், அதை யார் கட்டுவது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். தொகுப்பில் வந்தது, மாணவர் விலையில் வாங்கியது, இலவசமாகக் கொடுத்தது, இவற்றை மாற்ற விடாத கம்பெனிகள் நிறைய. ‘சீரியல் நம்பர் தருகிறேன், போட்டுக்கொள்’ என்று சொல்கிறவரிடம் வாங்கவே வேண்டாம், அதே நம்பர் இன்னும் எத்தனை பேரிடம் இருக்கிறதோ. விற்பவரின் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு முறையாக மாற வேண்டும். பழைய ஸ்டெயின்பெர்க் இலைசன்சர் டாங்கிளோடு ஏதாவது விற்றால் கவனம், அந்த சேவையை 2025 மே 20-ல் மூடிவிட்டார்கள். அந்தச் சின்ன யுஎஸ்பி குச்சி கெட்டுப்போனால் உள்ளே இருக்கும் லைசன்ஸும் அதோடு போய்விடும்.