புரையேறியதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? – மருத்துவ ஆங்கிலம் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சுவாச மண்டலத்தைப் பற்றியவை. நல்லதுதான். மருத்துவ ஆங்கிலம் கற்க இதைவிடத் தோதான இடம் இல்லை. மூக்கில் நுழையும் காற்றின் பின்னாலேயே போனால், வழியில் சொற்கள் வரிசையாக நிற்கும்.

கேள்வி: 'நிமோனியா'வின் தொடக்கத்தில் உள்ள பி எழுத்து ஒலிப்பதில்லை. மூச்சுத் திணறலைக் குறிக்கும் 'டிஸ்ப்னியா'வில் மட்டும் ஏன் ஒலிக்கிறது? இரண்டும் ஒரே குடும்பம்தானே?

பதில்: ஒரே குடும்பம்தான். இரண்டுமே மூச்சு, நுரையீரல் சார்ந்த கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தவை. ஆங்கிலம் பேசுகிறவர்களின் நாக்கு, சொல்லின் முதலில் 'ப்ன' என்று வருவதை ஏற்காது, பி-யை விழுங்கிவிடும். சொல்லின் நடுவில் வரும்போது பி முந்தைய அசையோடு சேர்ந்துகொள்வதால் பிழைத்துக்கொள்கிறது: டிஸ்ப்-னியா, ஆப்-னியா (மூச்சு நின்றுபோவது), டாக்கிப்-னியா (மூச்சு வேகமாவது). 'பிராங்கோநிமோனியா'வில் நடுவில் வந்தும் ஒலிக்காது. அங்கே நிமோனியா என்ற முழுச் சொல்லே வந்து ஒட்டியிருக்கிறது. உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிக்காதீர்கள். இந்தப் பகுதியில் வேறு வழியில்லாமல்தான் நான் அப்படி எழுதுகிறேன். ஒலியுள்ள அகராதியைத் திறந்து காதால் கேளுங்கள்.

கேள்வி: டிரேக்கியாட்டமி, டிரேக்கியாஸ்டமி: எது சரி?

பதில்: இரண்டும் சரி. சொல்லை உடைத்துப் பாருங்கள். 'டிரேக்கியா' மூச்சுக்குழாய். 'ஆட்டமி' என்றால் கீறித் திறப்பது. 'ஆஸ்டமி'க்குள் 'ஸ்டோமா' இருக்கிறது. கிரேக்கத்தில் அது வாய். ஆகவே முதலாவது கீறல், இரண்டாவது அந்தக் கீறலால் உண்டான திறப்பு. மருத்துவமனைப் பேச்சில் ஒன்றுக்கு மற்றொன்றைச் சொல்வார்கள். தேர்வில் நீங்கள் சொல்லாதீர்கள். 'எக்டமி' வந்தால் வெட்டி எடுத்தேவிட்டார்கள் என்று பொருள். நுரையீரலின் ஒரு மடலை எடுப்பது லோபெக்டமி.

டிரேக்கியா என்ற சொல்லையே விரலால் படிக்கலாம். குரல்வளைப் புடைப்புக்குக் கீழே இரண்டு விரல்களை வைத்து மெல்ல மேலும் கீழும் நகர்த்துங்கள். மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படுகிறதல்லவா? ஏறக்குறைய 20 குருத்தெலும்பு வளையங்களால் ஆன குழாய் அது. தமனிகளில் காற்றும் ஓடுகிறது என்று நம்பிய பழங்காலக் கிரேக்கர்கள் இதைக் 'கரடுமுரடான தமனி' என்று அழைத்தார்கள். பிற்காலத்தில் தமனி உதிர்ந்துபோய், கரடுமுரடு மட்டும் பெயராக மிஞ்சியது. விரலில் தட்டுப்பட்ட சொல் மறக்காது.

கேள்வி: உங்கள் சென்ற பதிலில் ஒரு சொல்லுக்குச் சொன்ன பொருள் தவறு என்று என் ஆசிரியர் கூறுகிறார். விளக்கவும்.

பதில்: எந்தச் சொல்? அதை எழுதாமல் கடிதத்தை முடித்துவிட்டீர்கள். மருத்துவக் குறிப்பிலும் இப்படித்தான் எழுதுவீர்களோ என்று கவலையாக இருக்கிறது. சொல்லையும் அது வந்த வாக்கியத்தையும் எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: ஆங்கிலத்திலேயே மிக நீளமான 45 எழுத்து நுரையீரல் நோய்ப் பெயரைக் கற்றுக்கொள்ள வேண்டுமா?

பதில்: வேண்டாம். 1930களில் புதிர் ஆர்வலர் ஒருவர் நீளத்துக்காகவே கட்டிய சொல் அது. மருத்துவர்கள் எழுதுவது சிலிகோசிஸ், அதாவது சிலிகா தூசியால் வரும் நுரையீரல் நோய்.

கேள்வி: வெளிநாட்டுச் செவிலியர் தேர்வுக்காக 600 மருத்துவச் சொற்களை மனப்பாடம் செய்தேன். பயிற்சி உரையாடலில், நோயாளியாக நடித்தவர் பேசியதில் பாதி புரியவில்லை. இன்னும் எத்தனை சொற்கள் படிக்க வேண்டும்?

பதில்: அந்த வகையில் இனி ஒரு சொல்கூட வேண்டாம். உங்களிடம் இருப்பவை மருத்துவர் மருத்துவரிடம் பேசும் சொற்கள். நோயாளி அந்த மொழியில் பேசுவதில்லை. இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு மனம் ஆறவில்லை.

மூச்சு வாங்குகிறவர் 'டிஸ்ப்னியா' என்றா சொல்வார்? 'ஐ காண்ட் கேட்ச் மை ப்ரெத்' என்பார். பிரிட்டனில் மாடிப்படி ஏறி இளைத்தவர் 'ஐ கெட் பஃப்ட்' என்பார். சளியோடு வரும் இருமல் குறிப்பேட்டில் 'புரொடக்டிவ் காஃப்'. அவர் வாயில் 'செஸ்டி காஃப்'. தொண்டை கட்டியிருந்தால் தொண்டையில் தவளை இருப்பதாகச் சொல்வார். இவற்றில் ஒன்றாவது உங்கள் 600-இல் இருக்கிறதா?

சில ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு பயிற்சியில் நான் உடன் உட்கார்ந்திருந்தேன். முதியவராக நடித்தவர், சாப்பிடும்போது 'இட் வென்ட் டவுன் த ராங் வே' என்றார். மாணவர் தலையசைத்துவிட்டு, எந்த வழியாக வந்தீர்கள், துணைக்கு யாராவது வந்தார்களா என்று கேட்டார். அவர் புத்திசாலி, அல்வியோலை (நுரையீரலின் காற்று நுண்ணறைகள்) என்று சொன்னால் வாயுப் பரிமாற்றத்தைப் பிசகில்லாமல் விளக்கக்கூடியவர். முதியவர் சொன்னதோ புரையேறியதைப் பற்றி! நமக்குத் தமிழில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சொல். ஆங்கில வீடுகளில் அதை 'தவறான வழியில் இறங்கிவிட்டது' என்கிறார்கள். குறிப்பேட்டில் அதுவே 'ஆஸ்பிரேஷன்'. உண்மையான வார்டில் இது தவறவிடக்கூடாத செய்தி. மூச்சுக்குழாயில் இறங்கும் உணவு, அகலமாகவும் செங்குத்தாகவும் உள்ள வலப்பக்கக் கிளையில்தான் பெரும்பாலும் போய்ச் சேரும். அதிலிருந்து நிமோனியா வரலாம். அன்று எனக்கு அந்த மாணவர்மேல் கோபம் வரவில்லை. வெறும் பட்டியலைக் கையில் கொடுத்து, இதுதான் மருத்துவ ஆங்கிலம் என்று அவரை நம்பவைத்தவர்கள்மேல் வந்தது.

ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போடுங்கள். முதலில் தமிழ், அடுத்து நோயாளி சொல்வது, கடைசியில் குறிப்பேட்டில் எழுதுவது. புரையேறுதல், இளைப்பு, நெஞ்சிறுக்கம், தொண்டைக்கட்டு என்று உங்கள் வீட்டுச் சொல்லிலிருந்து தொடங்குங்கள். நாளுக்கு மூன்று வரி போதும். எழுதியதை வாய்விட்டுச் சொல்லுங்கள், காதால் கேளுங்கள்.

கேள்வி: சுவாச மண்டலச் சொற்கள் அனைத்தையும் பட்டியலாக அனுப்பவும். அவசரம்.

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி: தொலைபேசியில் ஆய்வக முடிவு சொல்லும்போது ஹைப்பர், ஹைப்போ இரண்டும் ஒன்றுபோலவே காதில் விழுகின்றன. என்ன செய்வது?

பதில்: அந்த முன்னொட்டை நம்பாதீர்கள். இரத்தத்தில் கரியமில வாயு கூடினால் ஹைப்பர்காப்னியா, குறைந்தால் ஹைப்போகாப்னியா. பெரும்பாலும் முன்னவருக்கு மூச்சு போதவில்லை, பின்னவர் அளவுக்கு மீறி மூச்சு வாங்குகிறார். சிகிச்சை நேர் எதிர். 'ஹை' அல்லது 'லோ' என்று சொல்லி, எண்ணை இலக்கம் இலக்கமாகப் படியுங்கள். எதிர்முனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சங்கடப்படாதீர்கள், கேளுங்கள்.

கேள்வி: 'கிராக்கிள்ஸ் ஆன் இன்ஸ்பிரேஷன்' என்பதை ஊக்கம் வரும்போது சத்தம் என்று மொழிபெயர்த்தேன். மதிப்பெண் தரவில்லை.

பதில்: தரமாட்டார்கள். இங்கே இன்ஸ்பிரேஷன் உள்மூச்சு, எக்ஸ்பிரேஷன் வெளிமூச்சு. மூச்சுவிடுவதைக் குறிக்கும் லத்தீன் வினையே இரண்டுக்கும் வேர். ஆனால் குறிப்பேட்டில் 'எக்ஸ்பயர்ட்' என்றிருந்தால் அவர் இறந்துவிட்டார். நோயாளியிடம் பேசும்போது இரண்டையும் விட்டுவிட்டு 'ப்ரீத் இன்', 'ப்ரீத் அவுட்' என்று சொல்லுங்கள்.

கேள்வி: 'பேஷன்ட் டினைஸ் செஸ்ட் பெயின்' என்றால் நோயாளி உண்மையை மறைக்கிறார் என்றா பொருள்?

பதில்: இல்லை. நெஞ்சுவலி உண்டா என்று கேட்டோம், இல்லை என்றார். அவ்வளவுதான்.

கேள்வி: ஸ்பூட்டம், ஃப்ளெம், சலைவா: எப்போது எதைச் சொல்வது?

பதில்: ஃப்ளெம் என்பதில் ஜி எழுத்து ஒலிக்காது, காதால் கேளுங்கள். அது நோயாளியின் சொல், நம் சளி. ஸ்பூட்டம் ஆய்வகச் சொல், நெஞ்சிலிருந்து இருமி வெளியே வரும் கோழை. சலைவா வாயில் ஊறும் உமிழ்நீர். கிண்ணத்தைக் கையில் கொடுத்து வெறுமனே 'ஸ்பிட்' என்று சொன்னால் உமிழ்நீர்தான் கிடைக்கும். வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமச் சொல்லுங்கள்: 'டேக் எ டீப் ப்ரெத் அண்ட் காஃப் இட் அப் ஃப்ரம் யுவர் செஸ்ட்'. கிண்ணத்தில் தண்ணீர்போல் நுரை மட்டும் இருந்தால் அது உமிழ்நீர். ஆய்வகத்துக்கு அனுப்பாதீர்கள், இன்னொரு முறை இருமச் சொல்லுங்கள்.