பேச்சு தாமதமா? முதலில் காதைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு 17 மாதம். ‘அம்மா’, ‘பந்து’, நாயைப் பார்த்தால் ‘பௌ’, இந்த மூன்று சொல்தான் பேசுகிறான். பல்பு, சக்கரம் எல்லாமே அவனுக்குப் பந்து. நிலாவைக் கூட விரல் நீட்டிக் காட்டி ‘பந்து’ என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். என் தோழியின் மகள் இதே வயதில் முப்பது சொல் பேசுகிறாள். இணையத்தில் படித்ததிலிருந்து ஆட்டிசமாக இருக்குமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. நாக்கு ஒட்டியிருக்கும் என்கிறார் மாமியார். வீட்டில் இரண்டு மொழி பேசுகிறோம், அதனால் குழம்புகிறானா? பொருட்களின் பெயர் சொல்லித்தரும் வீடியோவைத் தினமும் ஒரு மணி நேரம் போடுகிறேன். பேச்சு வர டானிக் தரலாமா? அவனுக்கு அடிக்கடி சளி பிடிக்கும். இரண்டு மாதம் முன்பு காதைப் பிடித்துக்கொண்டு அழுதான், வீட்டில் இருந்த பழைய சொட்டு மருந்தை விட்டேன், அழுகை நின்றுவிட்டது. பின்னாலிருந்து கூப்பிட்டால் சில நேரம் திரும்புவதில்லை. விளையாட்டு மும்முரம் என்று விட்டுவிடுகிறேன்.

பதில்: நீங்கள் கடைசியாக, போகிற போக்கில் எழுதியிருக்கும் வரிகள்தான் எனக்கு முக்கியம். அடிக்கடி சளி, காது வலி, அப்புறம் கூப்பிட்டால் திரும்பாதது. இந்த மூன்றும் சேர்ந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்த வாரமே அவன் காதைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்யுங்கள்.

சளிக்கும் காது வலிக்கும் பிறகு செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்குவது சின்னக் குழந்தைகளிடம் மிகச் சாதாரணம். அப்படித் தேங்கிய நீருக்குப் பெரும்பாலும் வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. அதனால்தான் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. அழுகை நின்றதும் குணமாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். உள்ளே நீர் இருக்கும் வரை குழந்தைக்குப் பேச்சு சன்னமாக, காதில் விரல் வைத்து அடைத்துக்கொண்டு கேட்பதுபோல்தான் கேட்கும்.

சொல் கற்கும் வயதில் இது ஏன் பெரிய விஷயம்? நாம் பேசும்போது உயிரொலிகள் உரக்க வரும், மெய்யொலிகள் மெல்லியவை. கால், பால், வால் மூன்றையும் ‘ஆல்’ என்று மட்டும் கேட்கிற குழந்தையை நினைத்துப் பாருங்கள். எந்தச் சொல்லை எந்தப் பொருளோடு சேர்த்து மனதில் வைத்துக்கொள்ளும்? அதுவும் நீர் ஒரு வாரம் குறையும், அடுத்த சளியில் மறுபடி கூடும். ஒரு நாள் கேட்ட சொல் மறுநாள் வேறு மாதிரி கேட்கும்.

‘தட்டைத் தட்டிப் பார்த்தேன், திரும்பினான், காது நன்றாகக் கேட்கிறது’ என்று தயவுசெய்து முடிவு கட்டாதீர்கள். தட்டுச் சத்தம் பேச்சைவிடப் பல மடங்கு உரத்தது. ‘சொல்வதெல்லாம் புரிகிறதே’ என்பதும் ஏமாற்றும். பல வருடங்களுக்கு முன் 20 மாதப் பெண் குழந்தை ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார்கள். செருப்பை எடு என்றால் எடுக்கிறாள் டாக்டர், எல்லாம் புரிகிறது, பேச்சுதான் இல்லை என்றார் அம்மா. கையை மடியில் வைத்துக்கொண்டு, வாயை ஒரு தாளால் மறைத்து, வேறெங்கும் பார்க்காமல் அதையே சாதாரணக் குரலில் சொல்லச் சொன்னேன். குழந்தை அசையவில்லை. தாளுக்கு மேலே தெரிந்த அம்மாவின் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதுவரை அவள் சொல்லைக் கேட்கவில்லை, அம்மாவின் பார்வையையும் கையையும் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு காதிலும் நீர் தேங்கியிருந்தது.

உங்கள் மகனுக்கும் அதுதான் என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. ஆனால் கேட்கும் திறனைச் சோதிக்காமல் வேறு எதையும் பேசுவது வீண். பிறந்தபோது காது சோதனையில் தேறிவிட்டான் என்றாலும் மறுபடி செய்ய வேண்டும். அந்தச் சோதனை அன்றைய காதைப் பற்றித்தான் சொல்லும், பின்னால் வருவதைச் சொல்லாது.

சரி, நீங்கள் உண்மையில் பயப்படுவது ஆட்டிசத்துக்கு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது அதற்கும் ஒரு அறிகுறிதான், இணையம் உங்களை அங்கே கொண்டுபோய் விட்டது அதனால்தான். ஆனால் அதே இணையம் அவனுடைய விரலைப் பார்க்கவில்லை. குழந்தைகள் இரண்டு விதமாக விரல் நீட்டுவார்கள். ‘அது வேண்டும்’ என்று காட்டுவது ஒன்று. ‘அதோ பார்’ என்று காட்டுவது இன்னொன்று. நிலாவை யாரும் எடுத்துத் தர முடியாது. அதைக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறான் என்றால், தான் கண்டதை நீங்களும் காண வேண்டும் என்கிறான். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் பெரும்பாலும் தாமதமாவதோ குறைவதோ இந்த இரண்டாவது வகைதான். உங்கள் மகனிடம் அது இருக்கிறது. உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த வரி அது.

சொல் கற்பதும் அந்த இடத்தில்தான் நடக்கிறது. தரையில் பந்து உருள்கிறது, நீங்கள் ‘பந்து’ என்கிறீர்கள். அந்தச் சொல் உருண்டையான பொருளுக்கா, அதன் நிறத்துக்கா, உருள்வதற்கா? குழந்தைக்கு யாரும் விளக்குவதில்லை. அவன் உங்கள் கண் போகிற திசையைப் பார்க்கிறான், நீங்கள் எதைப் பார்த்துச் சொன்னீர்களோ அதோடு சொல்லைச் சேர்க்கிறான். ஒன்றரை வயதுக் குழந்தைகள் கையில் வேறு பொம்மை இருந்தாலும் பேசுகிறவர் எதைப் பார்க்கிறார் என்று நிமிர்ந்து பார்த்து, அதற்குத்தான் அந்தப் பெயர் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

வாய் திறப்பதற்கு வெகு முன்னாலேயே இந்த வேலை தொடங்கிவிடுகிறது. 6 முதல் 9 மாதக் குழந்தைகளே, உடல் உறுப்புகள், உணவுப் பொருட்கள் சிலவற்றின் பெயரைச் சொன்னால் சரியான படத்தை அதிக நேரம் பார்க்கிறார்கள் என்று 2012-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. புரியும் சொற்கள் எப்போதும் முன்னே ஓடும், பேசும் சொற்கள் பல மாதம் பின்னால் வரும். அதனால் எத்தனை சொல் பேசுகிறான் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, கையும் கண்ணும் காட்டாமல் சொன்னால் எத்தனை புரிகிறது என்று பாருங்கள். மூன்று சொல் என்பது இந்த வயதுக்குக் கொஞ்சம் குறைவுதான், மறைக்கவில்லை. காது சோதனையை நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் தோழியின் மகளை அளவுகோலாக வைக்காதீர்கள். இந்த வயதில் ஒரு குழந்தைக்கும் இன்னொரு குழந்தைக்கும் இருக்கும் இடைவெளி மலைக்கும் மடுவுக்கும் உள்ளதுதான்.

நிலாவும் பல்பும் சக்கரமும் பந்தாக இருப்பது நல்ல செய்தி. உருவத்தை வைத்துப் பொருட்களை வகைப்படுத்துகிறான். கையில் நாலு சொல் இருக்கிற குழந்தை கிட்டத்தில் பொருந்துகிற சொல்லை எடுத்துப் போடுகிறது, அவ்வளவுதான். ‘பந்து இல்லை, தப்பு’ என்று திருத்த வேண்டாம். ‘ஆமாம், உருண்டையா இருக்கு, நிலா!’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். ‘பௌ’ என்பதும் சொல்தான், கணக்கில் சேரும்.

இரண்டு மொழி எந்தக் குழந்தையையும் குழப்புவதில்லை. எண்ணியே ஆக வேண்டும் என்றால் இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணுங்கள். நாக்கு ஒட்டியிருந்தால் சில ஒலிகளைச் சொல்லச் சிரமமாகலாம், அதனால் சொல்லே வராமல் போகாது. நாக்கை வெட்ட ஓடாதீர்கள்.

டானிக்? பேச்சை வரவைக்கும் டானிக் உலகத்தில் எங்கும் இல்லை. வாங்க வேண்டாம்.

அந்தச் சொட்டு மருந்துப் புட்டியை இன்றே தூக்கிப் போடுங்கள். இதில் எனக்குக் கோபம்தான். செவிப்பறை முழுசாக இருந்தால் வெளியே விடும் சொட்டு பின்னால் இருக்கும் நீரைத் தொடவே தொடாது. கிழிந்திருந்தாலோ, சில வகைச் சொட்டுகள் உள்காதுக்குள் போய்க் கேட்கும் திறனையே கெடுத்துவிடும். காதுக்குள் பார்க்காமல் காதில் எதையும் விடக் கூடாது, எண்ணெயும் கூடாது.

வீடியோவையும் நிறுத்துங்கள். 2010-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜூடி டிலோச் குழு இதைச் சோதித்தது. 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு ஒரு மாதம் சொல் கற்பிக்கும் வீடியோ காட்டினார்கள். பார்த்த குழந்தைகள் பார்க்காதவர்களைவிட அதிகமாக எதுவும் கற்கவில்லை. வீடியோ இல்லாமல் பெற்றோரே அன்றாட வேலைகளுக்கு நடுவில் அதே சொற்களைச் சொல்லிக்கொடுத்த குழந்தைகள்தான் அதிகம் கற்றார்கள். திரைக்கு உங்கள் மகன் எதைப் பார்க்கிறான் என்று தெரியாது. உங்களுக்குத் தெரியும். அவன் சாவிக்கொத்தை எடுத்துக் குலுக்கும்போது அவன் அருகில் உட்கார்ந்து, அவன் முகத்துக்கு நேராக, ‘சாவி’ என்று சொல்லுங்கள். நீங்கள் காட்டுகிற பொருளை அவன் பார்க்க வேண்டும் என்று இழுப்பதைவிட, அவன் பார்க்கிற பொருளுக்கு நீங்கள் பெயர் சொல்வது பலன் தரும். காதில் நீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த நெருக்கமும் நேர்முகமும் உதவும்.

காது மருத்துவர் முதலில் ஒளி பாய்ச்சி செவிப்பறையைப் பார்ப்பார். அப்புறம் காதில் சின்ன முனை ஒன்றை வைத்து செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று அளப்பார்கள், டிம்பனோமெட்ரி என்று பெயர், வலிக்காது. கேட்கும் திறனுக்கு, சத்தம் வந்த பக்கம் திரும்பினால் பொம்மை ஒளிரும் சோதனை இந்த வயதுக்குப் பொருத்தம். நீர் மட்டும்தான் என்றால் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாக வற்றிவிடும். அதுவரை ஆன்டிபயாடிக்கோ சளி மருந்தோ அதற்குப் பயன் தராது. மூன்று மாதம் கழித்தும் இருந்தால் மறுபடி கேட்கும் திறனை அளந்து, தேவைப்பட்டால் செவிப்பறையில் சின்னக் குழாய் வைப்பதைப் பற்றிப் பேசுவார்கள். காது நன்றாகவே இருக்கிறது என்று தெரிந்தால், குழந்தை மருத்துவரிடமும் பேச்சுப் பயிற்சியாளரிடமும் காட்டுங்கள், காத்திருக்க வேண்டாம்.

அடுத்த மாதம் அவனுக்கு 18 மாதம் ஆகிறது. அந்த வயதில் எல்லாக் குழந்தைகளுக்கும் கேட்க வேண்டிய ஆட்டிசக் கேள்விப் பட்டியல் இருக்கிறது, அதையும் அப்போதே முடித்துவிடுங்கள். இடையில் அவன் பேசிய சொல்லை விட்டுவிட்டாலோ, விரல் நீட்டுவதை நிறுத்தினாலோ அந்த 18 மாதத்துக்காகக் காத்திருக்காமல் உடனே போங்கள்.

மருத்துவர் பெரா சோதனையும் எடுக்கச் சொல்லலாம். சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் எப்படிப் பதில் தருகின்றன என்று குழந்தை தூங்கும்போது அளப்பது அது. அதனால் முன்பதிவு செய்யும்போதே அவன் பகலில் தூங்கும் நேரத்தைச் சொல்லி, அதற்கு ஏற்றபடி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்.