மழைக்காலத்துக்குப் பாய்மரப் படகை ஒதுக்கி வைத்தல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: காசல்ரீ நீர்த்தேக்கத்தின் அருகே வசிக்கும் எனக்கு 14 அடி நீளமான ஃபைபர் கிளாஸ் பாய்மரப் படகொன்றும், சிறிய வெளியிணைப்பு இயந்திரமொன்றும் உண்டு. மே மாதம் பிறந்தால் செப்டெம்பர் வரை படகை இறக்க முடிவதில்லை. கனடாவிலுள்ள என் மைத்துனர், அங்கே குளிர்காலத்துக்கு முன் படகை ஒதுக்கி வைக்கும் முறையை விரிவாக எழுதி அனுப்பியிருக்கிறார். உறைதடுப்புத் திரவம் ஊற்ற வேண்டும், படகு முழுவதையும் பிளாஸ்ரிக் உறையால் இறுக்கிச் சுற்ற வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. இவை நமக்கும் பொருந்துமா?
(வாசகர் ஒருவர், நோர்வூட்)

பதில்: உங்கள் மைத்துனர் எழுதியவை அவருடைய ஊருக்கு முற்றிலும் சரியானவை. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். இயந்திரத்தின் கியர்ப் பெட்டியிலோ ஏதேனும் ஒரு குழாயிலோ சிறிதளவு தண்ணீர் தங்கியிருந்தாலும், கடுங்குளிர் இரவொன்றில் அது உலோகத்தையே பிளந்துவிடும் என்பதால்தான் அங்கே உறைதடுப்புத் திரவம் தேவைப்படுகிறது. நம் மலையகத்திலோ, 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில்கூடத் துகள் உறைபனி புல்லிலும் தேயிலைக் கொழுந்திலும் படிவது ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் தெளிந்த இரவுகளில்தான். நீங்கள் படகை ஒதுக்கி வைக்கும் தென்மேற்குப் பருவப்பெயர்ச்சிக் காலத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆகவே அந்தத் திரவத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

உறை விடயத்தில், அவர் சொன்னதற்கு நேர்மாறாகவே செய்யுமாறு சொல்வேன். இங்கே படகைக் கெடுப்பது, வெளியேற வழியின்றி மாதக்கணக்காக உள்ளே தங்கிவிடும் ஈரம். பறித்த கொழுந்தைச் சாக்கில் அமுக்கி வைத்தால் சூடேறிச் சிவந்துவிடும் என்பதும், அதனால்தான் தொழிற்சாலையின் வாட்டும் மாடியில் அதைப் பரப்பிக் காற்று விடுகிறார்கள் என்பதும் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கும் தெரியும். படகுக்கும் அந்த அறிவே போதும். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் ஆண்டு, மழைத்துளி ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது என்று தடித்த பொலித்தீனால் படகைச் சுற்றிக் கட்டி, பாயையும் அதற்குள்ளேயே வைத்துவிட்டேன். செப்டெம்பரில் பிரித்தபோது, வெண்ணிறப் பாய் முழுவதும் கரும்புள்ளிகளாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. இருக்கைப் பலகைகளின் வார்னிஷ் தோல் தோலாக உரிந்து கையோடு வந்தது.

முதலில் பாயையும் பாய்மரத்தையும் சுக்கானையும் கழற்றுங்கள். பாயை இளஞ்சூடான நீரிலும் மென்மையான சவர்க்காரத்திலும் அலசி, ஏப்ரல் மாதத்திலேயே, வெயில் இருக்கும்போது ஆனால் நிழலில், தையல் மடிப்புகள் வரை உலர்த்திவிடுங்கள். மே மாதத்தில் தொடங்கினால் அது காயப்போவதில்லை. பொலியெஸ்ரர் துணியைப் பூஞ்சணம் தின்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அதில் படிந்த அழுக்கில் அது வளர்ந்து, பிறகு எளிதில் போகாத கறையை விட்டுச் செல்லும். ஒரே மடிப்பில் ஆண்டுதோறும் மடித்தால் அந்தக் கோட்டிலேயே துணி தளர்ந்துவிடுமாதலால், மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி, எலி எட்டாத ஓர் உயரத்தில், வீட்டினுள் வைக்க வேண்டும். சமையலறை அடுப்புக்கு மேலே தொங்கவிடலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். ஈரம் போகும், ஆனால் புகையும் கரியும் ஏறும். வேண்டாம்.

பாய்மரத்தைத் தாங்கும் துருப்பிடிக்காத கம்பி வடங்களை ஒரு பருத்தித் துணியால் மெதுவாக நீவிப் பாருங்கள். இழை அறுந்த இடத்தில் துணி சிக்கும். அத்தகைய வடத்தை மாற்றியே ஆக வேண்டும். வெறுங்கையால் நீவினால் கை கிழியும்.

அடுத்தது படகை வைக்கும் முறை. எடை முழுவதும் அடிக்கட்டையின் நீளத்தில் இறங்க வேண்டும்; பக்கங்களில் வைக்கும் முட்டுகள் படகு சாயாமல் பிடிப்பதற்கு மட்டுமே. இரண்டு முட்டுகளின் மேல் மட்டும் பாரத்தை ஏற்றி ஐந்து மாதங்கள் விட்டால், மெல்லிய ஃபைபர் உடல் அந்த இடங்களில் உட்குழிந்துவிடும். மரக்கட்டைகளை மண்ணில் நேரே வைத்தால் கறையான் ஏறுமாதலால், கீழே கல் வையுங்கள். முன்பகுதியைச் சற்று உயர்த்தி, பின்புறத்திலுள்ள வடிகால் அடைப்பானைக் கழற்றி, மறந்துபோகாதபடி அதைச் சுக்கானில் கட்டிவிடுங்கள். மிதவை அறைகளின் மூடிகளையும் திறந்தே வைக்க வேண்டும்.

மேலே தறப்பாள் போடும்போது அது நடுவில் தொய்ந்துவிடக் கூடாது. ஒரு சதுர மீற்றர் பரப்பில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர் நீர் சேரும்; உங்கள் படகின் பரப்பு சுமார் 5 சதுர மீற்றர் என்று கொண்டால், 100 மில்லிமீற்றர் மழை பெய்யும் ஒரே நாளில் 500 லீற்றர், அதாவது அரைத் தொன் எடை, அந்தத் தொய்வில் வந்து உட்காரலாம். கழற்றிய பாய்மரத்தையே படகின் நீளவாக்கில், இரு முனைகளிலும் கவைகள் நாட்டி, கூரை முகடுபோலக் கிடத்தி, அதன் மேல் தறப்பாளைச் சரிவாக இழுத்துக் கட்டுங்கள். முன்னும் பின்னும் திறந்திருக்கட்டும். சாரல் சிறிது உள்ளே அடித்தாலும் காற்று அதை உலர்த்திவிடும். பாய்மரத்தின் உட்குழாயைக் கம்பி வலையால் அடைத்துவிடுவது நல்லது. குளவி எங்கே கூடு கட்டும் என்பதை மலையகத்தாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இயந்திரத்தை ஒரு பீப்பாய் நல்ல தண்ணீரில் இயக்கி, எரிபொருள் குழாயை மூடி, காபரேற்றரிலுள்ள பெற்றோல் தீர்ந்து தானாக நிற்கும்வரை விடுங்கள். தேங்கிய பெற்றோல் பிசினாக மாறி நுண்துளைகளை அடைத்துவிடும். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, இழுகயிற்றை இரண்டு மூன்று முறை மெதுவாக இழுங்கள். கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது என்று பொருள். எண்ணெயை மட்டும் மாற்றினால் போதாது, நீரைத் தடுக்கும் சீல் வளையத்தையும் மாற்ற வேண்டும். இயந்திரத்தை நிமிர்ந்த நிலையிலேயே வையுங்கள்.

கேள்வி: படகைக் கரையேற்றாமல் நீர்த்தேக்கத்திலேயே நீண்ட கயிற்றில் கட்டி விட்டால் என்ன?
(வாசகர் ஒருவர், மஸ்கெலியா)

பதில்: உங்கள் ஊரிலேயே விடை இருக்கிறது. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் நீர் வற்றும்போது, மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில்கள் தலைகாட்டுகின்றன. மழை தொடங்கினால் அவை மறுபடியும் நீருக்குள் போய்விடுகின்றன. அத்தனை தூரம் ஏறி இறங்கும் நீரில், கயிறு குறைந்தால் படகின் முனை நீருக்குள் இழுபடும், கூடினால் படகு கரைப் பாறையில் மோதும். தவிர, பெய்யும் மழையை நாள்தோறும் இறைக்க யாராவது வேண்டும். கரையேற்றிவிடுங்கள்.

கேள்வி: படகின் அடிப்பகுதியில் பட்டாணி அளவில் கொப்புளங்கள் தெரிகின்றன. நன்னீரில் மட்டுமே ஓடிய படகுக்கு இது எப்படி வந்தது? மழைக்கால ஓய்விலேயே வர்ணம் பூசிச் சரிசெய்யலாமா?
(வாசகர் ஒருவர், நுவரெலியா)

பதில்: நன்னீரில் ஓடியதால்தான் வந்தது என்றே சொல்லலாம். ஃபைபர் கிளாஸின் மேற்பூச்சு நீரை முழுமையாகத் தடுப்பதில்லை. மெல்ல ஊடுருவும் நீர், உள்ளே இறுகாமல் எஞ்சிய இரசாயனங்களைக் கரைத்துச் செறிவான கரைசலாகி, வெளியிலிருந்து மேலும் நீரை இழுக்கும். வெளியே உப்பு நீர் இருந்தால் செறிவு வேறுபாடு குறைவு. நன்னீராக இருந்தால் அதிகம். எனவே கடலைவிட வாவியிலேயே கொப்புளம் விரைவாக எழும். ஒன்றைக் குத்திப் பாருங்கள். புளித்த வினாகிரி வாடையுள்ள திரவம் வந்தால் ஐயமில்லை. அழுத்தத்தோடு பீறிடுமாதலால் கண்ணாடி அணிந்துகொண்டு குத்துங்கள்.

மழைக்காலத்தில் செய்யக்கூடியது, கொப்புளங்களைத் திறந்து, நன்னீரால் கழுவி, கூரையின் கீழ் படகை உலரவிடுவது மட்டுமே. நிரப்புவதும் பூசுவதும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடைப்பட்ட வறண்ட நாட்களில்தான் நடக்க வேண்டும்; படகோட்ட ஏற்ற அந்த வாரங்களில் சிலவற்றை இழக்க நேரிடும் என்பது எனக்கும் வருத்தமே. பூசுவதற்கு முன், ஒரு கையளவு பொலித்தீன் துண்டை, நான்கு ஓரங்களையும் ரேப்பால் அடைத்து, அடிப்பகுதியில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்புறத்தில் வியர்த்திருந்தால், இன்னும் இரண்டு வாரங்கள் காயவிட்டு மறுபடியும் ஒட்டிப் பாருங்கள்.