"பயணச் செலவு" என்று வந்த 2,500 டாலர்: மகனின் கூடைப்பந்து வாய்ப்பு போய்விடுமா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறோம். கணவர் எச்-1பி வேலை விசா, நானும் மகனும் அவரைச் சார்ந்த எச்-4 விசா. மகன் பதினொன்றாம் வகுப்பு. பள்ளி அணியிலும் கோடைக்கால கிளப் அணியிலும் கூடைப்பந்து ஆடுகிறான். கல்லூரி விளையாட்டின் மேல்நிலைப் பிரிவான டிவிஷன் 1-இல் உள்ள ஒரு கல்லூரி அவனைத் தன் அணிக்குக் கேட்கிறது. நாங்களாகவே அந்தக் கல்லூரியைப் பார்க்கப் போனபோது, அதற்கு நிறைய நன்கொடை தரும் தொழிலதிபர் ஒருவர் மூன்று பேருக்கும் விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். பிறகு "கோடைப் போட்டிச் செலவு" என்று என் கணக்குக்கு 2,500 டாலர் அனுப்பினார். மகனுக்கு இது தெரியாது. விதிமீறல் என்று இப்போதுதான் தெரிந்தது. "கடன் என்று எழுதி, பழைய தேதி போட்டு வையுங்கள்" என்கிறார் கிளப் கோச். மகன் சேர்ந்தால் விளம்பர ஒப்பந்தம் தருவதாகவும் அந்தத் தொழிலதிபர் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: அந்தக் கடன் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இப்போது உங்கள் கையில் இருப்பது சரிசெய்யக்கூடிய ஒரு தவறு. பழைய தேதியில் ஒரு தாள் உருவானால் அது மோசடி ஆகிவிடும். 2008-இல் டென்னசி பல்கலைக்கழகக் கோச் புரூஸ் பேர்ல், பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் சிலரைத் தன் வீட்டு விருந்துக்கு அழைத்தார். சொந்தச் செலவில் கல்லூரியைப் பார்க்க வந்தவர்களுக்கு வளாகத்துக்கு வெளியே விருந்து வைக்கக் கூடாது என்பது விதி. சின்ன மீறல்தான். ஆனால் 2010-இல் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏவின் விசாரணையாளர்கள் அந்த விருந்தின் புகைப்படத்தைக் காட்டிக் கேட்டபோது, எங்கே எடுத்தது என்றே தெரியாது என்றார். 2011-இல் வேலை போனது. மூன்று வருட "ஷோ-காஸ்" தண்டனையும் (அந்தக் காலத்தில் அவரை வேலைக்கு எடுக்கும் கல்லூரி என்சிஏஏவிடம் காரணம் காட்ட வேண்டும்) வந்தது. சாப்பாட்டுக்காக யாரும் அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள். பொய்தான் அனுப்பியது.

சரி, உங்கள் விஷயத்தில் மீறல் எங்கே இருக்கிறது? கல்லூரியே அதிகாரபூர்வமாக அழைத்திருந்தால் பையனுக்கும் பெற்றோருக்கும் பயணச் செலவைக் கல்லூரியே தரலாம். நீங்களாகப் போனால் உங்கள் செலவு. இரண்டிலும் நன்கொடையாளர் இடையில் வர முடியாது. அவரை "பூஸ்டர்" என்பார்கள். ஒருமுறை பூஸ்டர் ஆனால் எப்போதும் பூஸ்டர்தான்.

மெம்பிஸ் பல்கலைக்கழக அணியில் ஆடிய ஜேம்ஸ் வைஸ்மன் வழக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனக்கும். 2017-இல் அவர் குடும்பம் மெம்பிஸுக்குக் குடிபெயர, அப்போது பள்ளிக் கோச்சாக இருந்த பென்னி ஹார்டவே 11,500 டாலர் கொடுத்தார். பையனுக்கு அது தெரியாது என்று பல்கலைக்கழகமே சொன்னது. ஆனால் 2008-இல் ஹார்டவே மெம்பிஸ் பல்கலைக்கழகத்துக்குப் பத்து லட்சம் டாலர் நன்கொடை தந்திருந்தார். அதனால் அவர் பூஸ்டர் என்றது என்சிஏஏ. வைஸ்மனுக்கு 12 ஆட்டத் தடை, 11,500 டாலரை அறக்கட்டளைக்குத் தர வேண்டும் என்ற நிபந்தனை. மூன்றே ஆட்டம் ஆடியிருந்த அவர் 2019 டிசம்பரில் கல்லூரியை விட்டே போய்விட்டார். மகனுக்குத் தெரியாது என்பது தண்டனையைக் குறைக்க உதவலாம், மீறலை இல்லாமல் ஆக்காது.

இதில் ஒரு ஆறுதல் உண்டு. ஆள்சேர்ப்பு விதி மீறப்பட்டால், சம்பந்தப்பட்ட அந்தக் கல்லூரிக்காக ஆடும் தகுதிதான் முதலில் போகிறது. அதையும் கல்லூரி விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். உங்கள் தொகைக்கு இது நடக்கக்கூடியதே. பள்ளி ஆட்டத்துக்கு, டெக்சாஸ் பள்ளி விளையாட்டை நிர்வகிக்கும் யூஐஎல்லின் அமெச்சூர் விதி (பணம் வாங்காமல் ஆட வேண்டும் என்பது) தனி, அதையும் உங்கள் வழக்கறிஞர் பார்க்க வேண்டும்.

இது கிரிமினல் வழக்காகுமா என்ற பயம் வரலாம். 2017-இல் கல்லூரிக் கூடைப்பந்து ஆள்சேர்ப்பு ஊழலில் எஃப்பிஐ கைதுகள் நடந்தன. ப்ரையன் போவன் என்ற இளம் வீரர் லூயிவில் பல்கலைக்கழகத்தில் சேர, அவர் குடும்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் தருவதாகப் பேச்சு. அடிடாஸ் அதிகாரி உட்பட மூவர் 2018 அக்டோபரில் மோசடிக் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. பல்கலைக்கழகத்திடம் மறைத்து ஸ்காலர்ஷிப் வாங்க வைத்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டின் அடிப்படை. பையனின் அப்பா சாட்சிக் கூண்டில் ஏறினார். பையன் ஒரு கல்லூரி ஆட்டம்கூட ஆடவில்லை. உங்கள் தொகை அதன் பக்கத்தில்கூட வராது. ஆனால் மறைத்ததே அங்கே குற்றமாக மாறியது என்பதைக் கவனியுங்கள்.

"இப்போதுதான் எல்லாரும் வீரர்களுக்குப் பணம் கொடுக்கிறார்களே" என்று அந்தத் தொழிலதிபர் சொல்லக்கூடும். 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாகத் தரலாம். உங்களுக்கு வந்த பணம் இந்த இரண்டிலும் சேராது.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை விசா. எச்-4 மகன் வேலை செய்யவே முடியாது. எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினாலும் வளாகத்துக்கு வெளியே அனுமதியில்லாமல் முடியாது. கனடாவிலிருந்து பர்டூ பல்கலைக்கழகத்துக்கு வந்த ஸாக் ஈடி 2023, 2024 இரண்டு வருடமும் நாட்டின் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீரர். சக வீரர்களைப் போல விளம்பரத்தில் சம்பாதிக்க அவர் விசா இடம் தரவில்லை. அதே விசாச் சிக்கலில் இருந்த கென்டக்கி பல்கலைக்கழக வீரர் ஆஸ்கர் ஷிப்வே 2022-இல் அணியோடு பஹாமாஸ் போனபோது, அமெரிக்காவுக்கு வெளியே இருந்த அந்த நாட்களில் விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டார். எனவே "அந்த 2,500 டாலரை விளம்பர ஒப்பந்த அட்வான்ஸ் என்று காட்டிவிடலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். இன்று அது வாங்கக் கூடாத அன்பளிப்பு மட்டுமே. அட்வான்ஸ் என்று எழுதினால் வேலைக்கான கூலி ஆகிவிடும். அனுமதியில்லாமல் வேலை செய்தீர்களா என்ற கேள்வி நாளைக்கு அவனுடைய கிரீன் கார்டு விண்ணப்பத்திலும் இருக்கும்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை இவை. அந்தப் பணத்தைத் தொடாமல் வையுங்கள். நீங்களாகத் திருப்பி அனுப்பவும் வேண்டாம், வழக்கமாக அதே மதிப்பை அறக்கட்டளைக்குத் தரத்தான் சொல்வார்கள். டிக்கெட், வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். மகனிடம் இன்றே உண்மையைச் சொல்லுங்கள். விசாரணையில் முதலில் கேட்கப்படப் போவது அவன்தான். விளையாட்டுத் தகுதி வழக்குகள் பார்த்த ஒரு வழக்கறிஞரையும் உங்கள் குடிவரவு வழக்கறிஞரையும் ஒரே அழைப்பில் பேச வையுங்கள். அதன் பிறகு கல்லூரியில் விதிகள் பின்பற்றப்படுவதைக் கண்காணிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அங்கே இருப்பவர்கள் அன்பாகப் பேசுவார்கள், ஆனால் அவர்கள் காக்க வேண்டியது கல்லூரியை. அதனால் உங்கள் வழக்கறிஞர் உடன் இல்லாமல் அந்தக் கூட்டத்துக்குப் போகாதீர்கள்.